இரவில் நிறுத்திய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியைக் காலி செய்வது எது எனக் கண்டறியும் வழிகள்

மைசூரு: முந்தைய நாள் இரவு எந்தக் கோளாறும் இன்றி ஓட்டி வந்து நிறுத்தப்பட்ட கார், மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற ஒற்றை ஓசையுடன் நின்றுவிடுகிறது. டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன, செல்ஃப் எடுப்பதில்லை. சொந்த காராக இருந்தால் அன்றைய அலுவலகப் பயணம் தாமதமாகும். ஆனால், மைசூரில் இருந்து அதிகாலையில் உதகைக்கோ குடகிற்கோ சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்ல வேண்டிய வாடகை கார் ஓட்டுநருக்கு, அன்றைய வருமானமே பறிபோகும்.

இத்தகைய நேரத்தில் பெரும்பாலானோர் எடுக்கும் முடிவு, புதிய பேட்டரி வாங்குவது. சில நாட்கள் வண்டி ஒழுங்காக ஓடும். பின்னர் அதே சிக்கல் மீண்டும் தலைதூக்கும். காரணம் எளிமையானது: பழுது பேட்டரியில் இல்லை, வாகனம் உறங்கும் நேரத்தில் அதிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சும் ஏதோ ஒரு கருவியில் உள்ளது. அதை அளவிடாமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் மீண்டும் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பானது.

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டே கண்டறிய முடியும். அது எப்படி என்பதை இங்கு காண்போம்.

அணைத்த பிறகும் விழித்திருக்கும் வாகனம்

மைசூரு யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டு வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் தயாராகின. அக்கால வாகனங்களில் சாவியை அணைத்தால், ஏறத்தாழ அனைத்து மின் இணைப்புகளும் துண்டிக்கப்பட்டுவிடும். இன்றைய கார்கள் அப்படி இல்லை. சாவியை எடுத்துவிட்டாலும் ரிமோட் பூட்டு, திருட்டுத் தடுப்புக் கருவி, கடிகாரம், மியூசிக் சிஸ்டத்தின் நினைவகம், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றிற்குச் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும்.

இந்த நுகர்வு இயல்பானதே. நல்ல நிலையில் உள்ள காரில் இது பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். கூடுதல் மின்னணுக் கருவிகள் கொண்ட சில கார்களில் இதைவிடச் சற்று அதிகமாகவும் இருக்கலாம். இந்த அளவைத் தாண்டிச் செல்லும் தேவையற்ற நுகர்வையே பட்டறைகளில் 'கரண்ட் லீக்' எனக் குறிப்பிடுகின்றனர்.

இயல்பான நுகர்வும் நீண்ட நாட்களில் பேட்டரியை வற்றச் செய்துவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அமல்படுத்தப்பட்ட 21 நாள் ஊரடங்கே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 50 மில்லி ஆம்பியர் வீதம் 21 நாட்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 25 ஆம்பியர் மணி செலவாகும். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாகப் பயன்படும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் மணிதான். எனவே, எந்தப் பழுதும் இல்லாத கார்கூட அந்த ஊரடங்கின் முடிவில் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு வாய்ப்பு இருந்தது.

முதலில் ஒரு சிறு கணக்கு

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பேட்டரி எத்தனை நாட்களில் காலியாகிறது என்பதைக் கவனித்தால், கோளாறின் தன்மையை ஓரளவு ஊகிக்கலாம். பேட்டரியில் பாதி அளவு மின்சாரம் குறைந்தாலே பல கார்களில் எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகிவிடும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி என்பது சுமார் 17 ஆம்பியர் மணி.

ஒரே இரவில், அதாவது 10 மணி நேரத்தில், இவ்வளவு மின்சாரம் வெளியேற வேண்டுமானால் ஏறத்தாழ 1.7 ஆம்பியர் கசிவு இருக்க வேண்டும். இது 20 வாட் விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரிவதற்குச் சமம். அவ்வளவு பெரிய கசிவைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

கசிவு 500 மில்லி ஆம்பியர் என்றால் ஓர் இரவில் 5 ஆம்பியர் மணி மட்டுமே குறையும். வார நாட்களில் தினமும் ஓடும் கார் சமாளித்துவிடும். சனி, ஞாயிறு நிறுத்திவைத்தால் திங்கட்கிழமை காலை படுத்துவிடும். கசிவு 200 மில்லி ஆம்பியர் என்றால் மூன்று அல்லது நான்கு நாட்களில் இதே நிலை ஏற்படும்.

மாறாக, கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தும் ஒரே இரவில் பேட்டரி காலியாகிறது என்றால், குற்றவாளி பேட்டரியே. ஏனெனில், அந்த அளவு நுகர்வில் 10 மணி நேரத்தில் குறைவது வெறும் அரை ஆம்பியர் மணிதான். ஆக, கசிவின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் பேட்டரி மீதோ வயரிங் மீதோ பழி போடுவதற்கு அடிப்படையே இல்லை.

குளிரினால்தான் பேட்டரி இறங்கியது எனச் சொல்லப்படுவதும் உண்டு. உறைபனி விழும் பகுதிகளுக்கு அது பொருந்தும். கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூரின் மிதமான தட்பவெப்பத்தில், குளிர் மட்டுமே நல்ல பேட்டரியை முடக்கிவிடாது. சமவெளிகளைப் பொறுத்தவரை பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் பெரிய எதிரி வெப்பமே.

பேட்டரியின் உடல்நிலையை அறிவது எப்படி?

கசிவைத் தேடுவதற்கு முன் பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நல்ல நிலையில் உள்ளனவா என உறுதி செய்ய வேண்டும். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் நிலையில் வைத்து இரு டெர்மினல்களுக்கு இடையே அளவிட வேண்டும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் உள்ளது. 12.4 வோல்ட் என்றால் சுமார் முக்கால் பங்கு, 12.2 வோல்ட் என்றால் சுமார் பாதி, 12 வோல்ட் என்றால் கால் பங்கு எனக் கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது இதே இடத்தில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் போதிய அளவு சார்ஜ் செய்யவில்லை எனப் பொருள். அப்போது இரவுக் கசிவைத் தேடிப் பயனில்லை. சில புதிய கார்களில் எரிபொருள் சிக்கனத்திற்காகக் கணினியே சார்ஜ் வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒரு கேபிளைக் கழற்றி, முழுச் சார்ஜ் செய்த பேட்டரியைத் தனியாக ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். எதனுடனும் இணைக்கப்படாத நிலையிலும் வோல்ட்டேஜ் வெகுவாகக் குறைந்தால், பேட்டரியின் உள் செல்கள் பழுதடைந்துள்ளன. கேபிளைக் கழற்றியபோது நன்றாக இருந்து, மாட்டியபோது மட்டும் இறங்கினால், கசிவு வாகனத்தில் உள்ளது. அதிகச் செலவின்றிச் செய்யக்கூடிய நம்பகமான முதல் சோதனை இதுவே.

டெர்மினல்களில் படியும் வெண்பச்சைப் படிவம், தளர்ந்த இணைப்பு, பேட்டரியின் மேற்புறத்தில் ஈரத்துடன் சேர்ந்த அழுக்கு ஆகியவையும் சிக்கலை உண்டாக்கும். மேற்புற அழுக்கு வழியாகவே சிறிதளவு மின்சாரம் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குச் செல்லக்கூடும். சுத்தமான துணியால் துடைத்து, இணைப்புகளை இறுக்கிய பிறகே அடுத்த கட்டத்திற்குச் செல்ல வேண்டும்.

கசிவை அளவிடும் முறை

இச்சோதனையில் மின்சாரம் மல்டிமீட்டரின் வழியாகவே பாய வேண்டும். அதற்கான படிகள் வருமாறு:

முதலில் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியை வெளியே எடுக்க வேண்டும். ஸ்மார்ட் சாவி உள்ள கார் என்றால், அதைக் காரில் இருந்து பல மீட்டர் தொலைவில் வைக்க வேண்டும். சாவி அருகில் இருந்தால் காரின் கணினி விழித்துக்கொள்ளும்.

இரண்டாவதாக, பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டி காருக்குள் இருந்தால், ஓட்டுநர் பக்கக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, கதவு மூடியிருப்பதாகக் கார் எண்ணும்படி அதன் பூட்டுக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடலாம். சோதனை முடிந்ததும் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும்.

மூன்றாவதாக, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கருவியை டி.சி. ஆம்பியர் நிலையில் வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு வயரையும், அதிலிருந்து கழற்றப்படும் கேபிளின் முனையில் மற்றொரு வயரையும் இணைக்க வேண்டும். கேபிளைக் கழற்றும் முன்பே இரு வயர்களையும் பொருத்திக்கொண்டால் இணைப்பு ஒரு கணமும் அறுபடாது. இது முக்கியமானது. ஏனெனில், உறங்க மறுக்கும் ஒரு கணினியே கசிவுக்குக் காரணமாக இருந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீண்டும் வரும்போது அது தானாகச் சரியாகி, கோளாறு தற்காலிகமாக மறைந்துவிடும்.

நான்காவதாக, காத்திருக்க வேண்டும். பலர் தவறு செய்யும் இடம் இதுதான். காரை அணைத்தவுடன் மீட்டரில் பல ஆம்பியர் காட்டலாம். அது கசிவு அல்ல. காரின் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கச் செல்ல 20 முதல் 45 நிமிடங்கள் ஆகலாம். சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும். எண் படிப்படியாகக் குறைந்து ஓரிடத்தில் நிலைபெற்ற பிறகு காட்டும் அளவே உண்மையான அளவு. அது 50 மில்லி ஆம்பியர், அதாவது 0.05 என்ற அளவைச் சுற்றி இருந்தால் கவலை இல்லை. 0.3, 0.5 எனக் காட்டினால் தேடலைத் தொடங்கலாம்.

இச்சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். மீட்டர் இவ்வாறு இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவோ, எஞ்சினை ஸ்டார்ட் செய்யவோ கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும் என்பதால் மீட்டரின் உள் ஃபியூஸ் உடனே எரிந்துவிடும். அதேபோல், ஆம்பியர் நிலையில் உள்ள மீட்டரை பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு இடையே நேரடியாக வைக்கவே கூடாது. அது ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். தீக்காயம் ஏற்படும் அபாயம் உண்டு.

கேபிளைக் கழற்ற விரும்பாதவர்கள் டி.சி. மின்னோட்டத்தை அளவிடும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்தலாம். அதை நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும். வீட்டு வயரிங் பணிக்குப் பயன்படும் சாதாரண கிளாம்ப் மீட்டர்கள் ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும் என்பதால் வாங்கும்போது கவனம் தேவை.

எந்தச் சுற்றில் கசிவு?

கசிவு இருப்பது உறுதியானால், அது எந்த மின்சுற்றில் உள்ளது என்பதைக் கண்டறிய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

பழைய வழி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைக் கவனிப்பது. குறிப்பிட்ட ஒரு ஃபியூஸைக் கழற்றியதும் 0.5 ஆக இருந்த எண் 0.04 ஆகச் சரிந்தால், அந்தச் சுற்றில்தான் கசிவு உள்ளது. ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வாகனக் கையேட்டிலோ அந்த எண்ணுக்கு எதிரே எந்தக் கருவிகள் குறிக்கப்பட்டுள்ளன எனப் பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். கழற்றிய ஃபியூஸை மீண்டும் மாட்டும்போது சில கணினிகள் விழித்துக்கொள்ளும் என்பது இந்த முறையின் குறை. ஒவ்வொரு முறையும் அவை உறங்கும் வரை காத்திருக்க நேரிடும்.

மற்றொரு வழியில் ஃபியூஸைக் கழற்றவே தேவையில்லை. பிளேடு ஃபியூஸ்களின் மேற்புறத்தில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். மல்டிமீட்டரை மில்லி வோல்ட் நிலையில் வைத்து அந்த இரு புள்ளிகளையும் தொட வேண்டும். மின்சாரம் பாயாத ஃபியூஸ் பூஜ்ஜியம் காட்டும். சிறிதேனும் மில்லி வோல்ட் காட்டினால் அதன் வழியே மின்சாரம் செல்கிறது எனப் பொருள். 10 ஆம்பியர் அளவுள்ள சிறிய ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் என்பது ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியருக்குச் சமம். உறங்கும் காரைத் தட்டி எழுப்பாமல் சோதிக்க முடிவதால் புதிய கார்களுக்கு இம்முறையே ஏற்றது.

எல்லா ஃபியூஸ்களையும் கழற்றிய பிறகும் கசிவு குறையவில்லை என்றால், கையேட்டின்படி ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேரடியாகச் செல்லும் தடித்த கேபிள்களைச் சந்தேகிக்க வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் உள்ள டயோடு பழுதானால், பேட்டரியில் இருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாயும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏ.சி. வோல்ட் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவதும், வண்டி நின்று பல மணி நேரம் கழித்தும் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருப்பதும் இதன் அறிகுறிகள். இப்பணியை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

வழக்கமாகச் சிக்கும் காரணங்கள்

மைசூரு அரண்மனையை ஞாயிற்றுக்கிழமைகளிலும் தசரா நாட்களிலும் ஒளிரச் செய்ய ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் தேவைப்படுகின்றன. ஆனால், ஒரு காரை முடக்குவதற்கு டிக்கியில் அணையாமல் எரியும் ஒரே ஒரு 5 வாட் விளக்கு போதும். அது சுமார் 400 மில்லி ஆம்பியர் எடுக்கும். டிக்கி மூடியிருக்கும்போது அது எரிகிறதா என வெளியில் இருந்து தெரியாது. கைப்பேசியில் வீடியோ பதிவை இயக்கி, டிக்கிக்குள் வைத்து மூடித் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். முன்புறக் கையறைப் பெட்டியின் விளக்கையும் இவ்வாறே சோதிக்கலாம்.

வாகனம் வாங்கிய பின் வெளியில் பொருத்தப்படும் கருவிகளே கசிவுக்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. மியூசிக் சிஸ்டத்தில் பொதுவாக இரண்டு மின் வயர்கள் இருக்கும். மஞ்சள் வயர் நினைவகத்திற்காக எப்போதும் மின்சாரம் பெறும். சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டுமே பெற வேண்டும். பொருத்துபவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி இணைத்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் கருவி முழுமையாக உறங்காது. ஆம்ப்ளிஃபையர், ரிவர்ஸ் கேமரா, எல்.இ.டி. அலங்கார விளக்குகள், நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ் கேமரா, எஞ்சின் தகவல்களைப் படிக்க ஓ.பி.டி. துளையில் செருகிய கருவி, யு.எஸ்.பி. சார்ஜர் ஆகியவையும் இதே பட்டியலில் அடங்கும்.

ஒட்டிக்கொண்ட ரிலே, கதவு மூடியதை உணராத பூட்டு சுவிட்ச், மழைநீர் புகுந்த இணைப்பான், எலி கடித்த வயர் ஆகியவை மற்ற காரணங்கள். இவற்றில் சில, ஒரு நாள் தோன்றி மறுநாள் மறைபவை. அத்தகைய நேரத்தில், அதிகபட்ச அளவைப் பதிவு செய்யும் வசதி கொண்ட கிளாம்ப் மீட்டரை இரவு முழுவதும் மாட்டிவைத்து, காலையில் பார்ப்பது பலனளிக்கும்.

மஞ்சள் பலகை வாகனங்கள் கவனிக்க வேண்டியது

வாடகை கார், சுற்றுலா வேன், பேருந்து போன்ற பொதுச் சேவை வாகனங்களுக்குக் கூடுதலாக ஓர் அம்சம் உண்டு. ஏ.ஐ.எஸ்.-140 தரநிலையின்படி அமைந்த இருப்பிடம் கண்டறியும் கருவியும் அவசர உதவிப் பொத்தானும், 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் பதிவு செய்யப்படும் இத்தகைய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இருசக்கர வாகனங்களுக்கும் மூன்று சக்கர வாகனங்களுக்கும் இதில் விலக்கு உண்டு. பழைய வாகனங்களிலும் இவற்றைப் பொருத்தும் நடவடிக்கையை கர்நாடக அரசு 2023-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது.

பயணிகளின், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்பிற்கான இக்கருவி, வாகனம் நின்றிருக்கும்போதும் பேட்டரியில் இருந்து மின்சாரம் பெறும். முறையாகப் பொருத்தப்பட்டால், எஞ்சின் அணைந்ததை உணர்ந்து அது தன் நுகர்வைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சின் நிலையைத் தெரிவிக்கும் வயர் தவறாக இணைக்கப்பட்டால், வண்டி ஓடிக்கொண்டே இருப்பதாகக் கருதி இரவெல்லாம் விழித்திருக்கும்.

கசிவு இக்கருவியில்தான் என்று தெரிந்தாலும் ஓட்டுநர்கள் அதன் ஃபியூஸைப் பிடுங்கி வைப்பது தீர்வாகாது. முதன்மை பேட்டரி துண்டிக்கப்பட்டால், அது தன் உள் பேட்டரியின் உதவியுடன் கண்காணிப்பு மையத்திற்கு எச்சரிக்கை அனுப்பும். சட்டப்படி இருக்க வேண்டிய கருவி என்பதால், தகுதிச் சான்று பெறும்போதும் சிக்கல் எழக்கூடும். பொருத்திய முகவரையே அழைத்து, வயரிங்கைச் சரிசெய்யக் கோருவதே முறை.

இரவில் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வரும்

மைசூரில் இருந்து குண்டலுபேட்டை வழியாக உதகை, வயநாடு செல்லும் சாலைகள் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தைக் கடக்கின்றன. வனவிலங்குகளின் பாதுகாப்பிற்காக இங்கு 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. சத்தியமங்கலம் நோக்கிச் செல்லும் திம்பம் மலைப்பாதையிலும் 2022-ஆம் ஆண்டு முதல் இரவு நேரக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் உள்ளன. நேரம் தவறி வரும் வாகனங்கள் சோதனைச்சாவடி அருகே விடியும் வரை காத்திருக்க நேரிடுகிறது.

அப்போது எஞ்சினை அணைத்துவிட்டு, பார்க்கிங் விளக்குகளை எரியவிட்டு உறங்குவது சிலரின் வழக்கம். முன்னும் பின்னும் உள்ள நான்கு விளக்குகள், எண் பலகை விளக்கு, டேஷ்போர்டு விளக்குகள் ஆகியவை சேர்ந்து 2 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். 9 மணி நேரத்தில் சுமார் 18 ஆம்பியர் மணி குறையும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் இது பாதிக்கும் மேல். வாயில் திறக்கும் காலை 6 மணிக்கு வண்டி அசையாது. இங்கு எந்தக் கருவியிலும் பழுதில்லை, கணக்கில்தான் பிழை. சாலையை விட்டு விலகி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைப்பதே இதற்குத் தீர்வு.

இருசக்கர வாகனமும் மின்சார காரும்

ஸ்கூட்டர், பைக் பேட்டரிகளின் கொள்ளளவு காரின் பேட்டரியைவிடப் பல மடங்கு குறைவு. 5 ஆம்பியர் மணி பேட்டரியில், காருக்கு இயல்பான 50 மில்லி ஆம்பியர் நுகர்வே இரண்டு நாட்களில் பாதியைத் தீர்த்துவிடும். பின்னர் பொருத்திய அலாரம், ஜி.பி.எஸ்., கைப்பேசி சார்ஜர் ஆகியவற்றை இதில் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிக்கர் இல்லாத புதிய மாடல்களில் பேட்டரி இறங்கினால் உதைத்துக் கிளப்பும் வழியும் இல்லை.

மின்சார கார்களில் பெரிய பேட்டரி இருப்பதால் இச்சிக்கல் வராது என எண்ணுவது தவறு. கதவு, கணினி, விளக்கு ஆகியவற்றை இயக்கவும், பெரிய பேட்டரியின் இணைப்பை உயிர்ப்பிக்கவும் அவற்றிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி உள்ளது. அது காலியானால், பெரிய பேட்டரியில் முழுச் சார்ஜ் இருந்தாலும் கார் நகராது.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது

இறங்கிய பேட்டரியை மற்றொரு வாகனத்தின் உதவியுடன் எழுப்பும்போது, சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும், பின்னர் நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் இணைக்க வேண்டும். கருப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் இணைத்து, மறுமுனையை நின்றுபோன காரின் எஞ்சினில் உள்ள வெற்று உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும் என்பதாலும், பேட்டரியைச் சுற்றி எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. மோதிரம், கைச்சங்கிலி போன்ற உலோக நகைகளைக் கழற்றிவிட வேண்டும்.

வண்டி கிளம்பிவிட்டது என்பதற்காகச் சிக்கலை மறந்துவிடுவதும் சரியல்ல. முழுவதும் இறங்கிய நிலையில் நீண்ட நேரம் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிவுகள் கெட்டிப்பட்டு, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். நகருக்குள் சில கிலோமீட்டர் ஓட்டுவதால் இறங்கிய பேட்டரி நிறைந்துவிடாது. சார்ஜரில் இணைத்துப் பல மணி நேரம் முழுமையாகச் சார்ஜ் செய்வது அவசியம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இச்சோதனைகளைத் தாங்களே செய்ய இயலாதவர்களும் ஒன்றைச் செய்யலாம். பேட்டரியை மாற்ற வேண்டும் எனப் பட்டறையில் கூறப்பட்டால், 'வண்டி உறங்கிய பிறகு எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது?' எனக் கேட்க வேண்டும். பதிலாக ஓர் எண் கிடைத்தால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். எண் கிடைக்கவில்லை என்றால், அளவிடாமலேயே பேட்டரி மாற்றப்படுகிறது எனப் பொருள். பழுது நீக்கிய பிறகும் மீண்டும் ஒருமுறை அளந்து காட்டும்படி கேட்பது, பணம் கொடுப்பவரின் உரிமை.

பேட்டரி உண்மையிலேயே பழுதாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாமல், விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈயமும் கந்தக அமிலமும் மண்ணையும் நீரையும் நஞ்சாக்குபவை. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அறிவிக்கப்பட்ட பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன.

ஆனால், நல்ல பேட்டரி ஒன்று தவறான சந்தேகத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போவதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. அதைத் தடுப்பது, கேபிளுக்கும் முனைக்கும் இடையே ஒரு மணி நேரம் பொறுமையாக வைக்கப்படும் மல்டிமீட்டர் மட்டுமே.